மணல்மேட்டை மிதிக்காதீங்கன்னு சொன்னா யாரும் கேக்குறதில்ல, எப்படிப் புரிய வைக்கலாம்?

கரைவாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னிக்குதான் முதல் தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்குங்க.

நாங்க இருக்குறது கடலைப் பாத்த மாதிரி ஒரு வரிசை வீடு. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல மணல்மேடு இருக்கு, சில இடத்துல ஆள் உயரம், சில இடத்துல முழங்கால் அளவுதான். நான் குடி வந்தப்போ மேடு முழுக்க கொடி படர்ந்து ஊதாப் பூவா பூத்துக் கெடக்கும். இப்போ வீட்டுக்கு ஒரு பாதைன்னு ஆளாளுக்கு நேரா ஏறி எறங்கி எறங்கி மேடு பல்லு போன வாய் மாதிரி ஆயிடுச்சு. ஒருத்தர் பாம்பு வரும்னு கொடியெல்லாம் புடுங்கி சுத்தம் பண்ணிட்டார், இன்னொரு வீட்டுக்காரங்க ஜன்னல்ல இருந்து கடல் தெரியணும்னு மேட்டையே சமமாக்கிட்டாங்க, தோட்டத்துல வெட்டுன புல்லு எலை தழையெல்லாம் மேட்டு மேலதான் கொட்டுறாங்க, மக்கிப் போயிடும்ல அதனால தப்பில்லன்னு நெனைக்கிறாங்க.

நான் போன மாசம் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கினேன். பாதிப் பேர் போனைத்தான் பாத்துட்டு இருந்தாங்க. கடைசில ஒரு பெரியவர், "எல்லாம் சரி தம்பி, ஒரு சுவரைக் கட்டிட்டா முடிஞ்சுதே, இந்த மணலைக் கட்டிக்கிட்டு ஏன் அழணும்"னு கேட்டார், எனக்கு டக்குனு பதில் வரல. 'மிதிக்காதீர்'னு போர்டும் வச்சோம், அது பக்கத்துலயே புதுசா ஒரு பாதை விழுந்துருக்கு.

இவங்க யாரும் கெட்டவங்க இல்ல, அவங்களுக்கு அது வெறும் மண்ணாத் தெரியுது, அவ்வளவுதான். அடுத்த மாசம் இன்னொரு தடவை கூப்பிடலாம்னு இருக்கேன். என்ன சொல்றது, எதைக் காட்டுறது, எங்க ஆரம்பிக்கிறது? இந்த மாதிரி வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

உப்புக்காத்து எழுதியது:

வணக்கம் கரைவாசி. இந்த வேலையிலயே பல வருஷம் கெடந்தவன்ங்குற முறையில சொல்றேன், உங்க கூட்டம் சரியா போகாததுக்குக் காரணம் நீங்க பேசுனது இல்ல, ரூமுக்குள்ள பேசுனது. மணல்மேட்டைப் பத்தி நாலு சுவத்துக்குள்ள சொல்லிப் புரிய வைக்க முடியாதுங்க, மேட்டு மேலயே கூட்டிட்டுப் போயிடணும், அதுவும் நல்லா காத்து அடிக்குற சாயங்காலமாப் பாத்து.

ஏன்னா காத்து மணிக்கு 20 கிலோமீட்டர் கிட்ட வந்தாலே காஞ்ச மணல் நகர ஆரம்பிச்சுடும், குனிஞ்சு பாத்தா கணுக்கால் உயரத்துக்குள்ள மணல் துள்ளித் துள்ளிப் போறது கண்ணுக்கே தெரியும், கால்ல சுருக்குனு குத்தும். அப்போ அவங்களை ரெண்டு இடத்துல நிக்க வைங்க. முதல்ல கொடி இருக்குற இடம், அப்புறம் கொடி புடுங்குன இடம். ரெண்டு இடத்துக்கும் பின்னாடி, வீட்டுப் பக்கமா, தரையை ஒட்டி வெளிர் நெறத் துணி ஒண்ணை அரை மணி நேரம் விரிச்சு வைங்க, நாலு மூலையிலயும் கல்லு வச்சுடுங்க. வெறுமையா இருக்குற எடத்துக்குப் பின்னாடி விரிச்ச துணியில மணல் வந்து குமியும், கொடிக்குப் பின்னாடி விரிச்சதுல ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும், மீதி எங்கன்னு கேட்டா கொடிக்குள்ளயே இருக்கு. இதைப் பாத்துட்டா ஒரு விஷயம் தானா மண்டைல ஏறும், மேட்டைக் கட்டுனது கடல் இல்ல, காத்தும் செடியும் சேந்து கட்டுனது. செடியை எடுத்துட்டா மணல் அங்கேயே நிக்காது, வீட்டுக்குள்ளதான் வரும்.

அடுத்து நீங்க சொல்ல வேண்டியது மேடு எதுக்குன்னு. நான் குதிர்னு சொல்லித்தான் விளக்குவேன். அறுப்பு நல்லா இருக்குற காலத்துல நெல்லைக் கொட்டி வைக்கிறோம், இல்லாத மாசத்துல எடுக்குறோம்ல, அதே கதைதான். அலை அமைதியா இருக்குற மாசத்துல கடல் மணலைக் கரைக்குக் கொண்டாந்து போடுது, அது காஞ்சதும் காத்து தூக்கிட்டுப் போய் மேட்டுல சேக்குது. புயல் வந்தா அலை மேட்டோட அடியைக் கரைச்சு மணலை உள்ள இழுத்துட்டுப் போகும், பாக்குறவங்களுக்கு அய்யோ போச்சேன்னு தோணும், ஆனா அந்த மணல் கொஞ்ச தூரத்துல கடலுக்கு அடியில திட்டா படுத்துக்கும், அடுத்து வர்ற அலையெல்லாம் அந்தத் திட்டுல மோதி அங்கேயே ஒடஞ்சு வேகம் கொறஞ்சுதான் கரைக்கு வரும். புயல் போனதும் அதே மணல் மெதுமெதுவாத் திரும்பி வரும். அதனால புயலுக்கு அப்புறம் மேடு செங்குத்தா வெட்டுன மாதிரி நின்னா அது தோத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்லங்க, குதிர்ல இருந்து எடுத்துச் செலவு பண்ணிருக்கு, திரும்ப நெரம்ப நேரம் கொடுக்கணும், அவ்வளவுதான்.

அந்தப் பெரியவர் கேட்ட சுவர் கேள்விக்கு பதிலும் இதுக்குள்ளயே இருக்கு. சுவர் மணலைக் கொடுக்காது, வாங்கவும் வாங்காது. அலை அதுல மோதித் திரும்பும்போது அடியில இருக்குற மணலை அரிச்சுட்டுப் போகும், கொஞ்சங் கொஞ்சமா சுவருக்கு முன்னாடி கரையே இல்லாமப் போயிடும், சுவர் முடியுற எடத்துக்குப் பக்கத்துல இருக்குற வீட்டுக்கு அரிப்பு இன்னும் மோசமாகும். சுவர் எங்கேயுமே வேணாம்னு நான் சொல்லல, வேற வழியே இல்லாத எடம் இருக்கு. ஆனா மேடு உயிரோட இருக்குற எடத்துல சுவர் கட்டுறது, நல்லா இருக்குற காலை எடுத்துட்டு கட்டைக்கால் போட்டுக்குற மாதிரி.

மூணாவதுவீடு எழுதியது:

நான் யாருன்னா நீங்க சொன்னீங்கல்ல, கடல் தெரியணும்னு மேட்டை சமமாக்குனவங்கன்னு, அந்த மாதிரி ஒரு ஆள். வேற எடம்தான், ஆனா செஞ்சது அதேதான். இதை எழுதணுமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன், உங்க ஆளுங்களுக்குப் படிச்சுக் காட்டுங்கன்னுதான் எழுதுறேன்.

எங்க வீட்டுக்கு நேரா இருந்த மேட்டை மட்டும் ரெண்டு வீட்டு அகலத்துக்கு எடுத்தோம். முதல் வருஷம் ரொம்ப நல்லா இருந்துச்சு, உக்காந்த எடத்துலயே கடல். அப்புறம் மணல் வர ஆரம்பிச்சுது. ஜன்னல் சந்துல, தண்ணித் தொட்டில, துணியில, எல்லாத்துலயும். கூட்டித் தள்ளிக்கிட்டே இருந்தோம். இரும்புக் கதவு கீல் எல்லாம் துரு புடிச்சு உதிர்ந்துது, முன்னாடி அந்த மேடு உப்புக்காத்தை எவ்வளவு தடுத்துருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் ஒரு புயல். எங்க வரிசையில மத்த எடத்துல தண்ணி மேட்டைத் தாண்டவே இல்ல, நாங்க திறந்து வச்ச அந்த வாசல் வழியா மட்டும் உள்ள வந்துச்சு. உள்ள வந்த தண்ணி எங்க வீட்டோட நிக்கல, மேட்டுக்குப் பின்னாடி பள்ளமா இருந்த பக்கமா ஓடி நாலு வீடு தள்ளி ஒரு வயசான அம்மா வீட்டுக்குள்ள முழங்கால் அளவு நின்னுச்சு. அவங்க ஒரு செடியைக் கூட புடுங்குனது இல்ல. இன்னிக்கு வரைக்கும் அவங்க என்னை ஒரு வார்த்தை கேக்கல, அதுதான் எனக்குத் தாங்கல.

அதனால கரைவாசி, நீங்க 'சுற்றுச்சூழல்'னு ஆரம்பிக்காதீங்க. உன் வீட்டு முன்னாடி இருக்குற மேடு உன் வீட்டுது மட்டும் இல்ல, வரிசையில ஒரு எடத்துல ஓட்டை விழுந்தா தண்ணி எல்லாருக்கும்தான்னு ஆரம்பிங்க. நாங்க இப்போ வேலி போட்டு திரும்பக் கட்டிக்கிட்டு இருக்கோம், நாலாவது வருஷம், இடுப்பு உயரம் வந்துருக்கு. எடுத்தது ஒரே நாள்ல.

உப்புக்காத்து எழுதியது:

மூணாவதுவீடு, இதை மனசு விட்டு எழுதுனதுக்கு ரொம்ப நன்றிங்க. நான் பேசுற பத்து மணி நேரத்தை விட இது வேலை செய்யும்.

காட்சிக்காக மேட்டை வேணாம்னு சொன்னது பெரிய ஊருலயும் நடந்துருக்கு. நியூயார்க் பக்கத்துல லாங் பீச்னு ஒரு நகரம், 2006ல அரசாங்கம் மணல்மேடு கட்டித் தர்றோம்னு வந்தப்போ கடல் மறையும் அது இதுன்னு சொல்லி வேணாம்னுட்டாங்க, பக்கத்து ஊருங்க கட்டிக்கிட்டாங்க. 2012ல சாண்டி புயல் வந்தப்போ லாங் பீச் பலத்த அடி வாங்குச்சு, மேடு இருந்த பக்கத்து ஊருங்களுக்கு சேதம் அவ்வளவு இல்ல. 2004 சுனாமில இலங்கையில யால பக்கம் ஒரு தங்கும் விடுதி, கடல் நல்லாத் தெரியணும்னு முன்னாடி இருந்த மேட்டுல ஒரு பகுதியை எடுத்துருந்தாங்க, அலை அந்த விடுதியையே அழிச்சுட்டுப் போயிடுச்சு. மேடு இருந்தா சுனாமியே வராதுன்னு யாரும் சொல்லிடாதீங்க, அப்படி அளவுக்கு மீறி சொன்னா அடுத்த தடவை நம்மளை நம்ப மாட்டாங்க. வழி திறந்து கெடக்குற எடத்துல அடி அதிகம், அதை மட்டும் சொல்லுங்க போதும்.

செடி புடுங்குறது பத்தி இன்னொண்ணு. ஸ்காட்லாந்துல கல்பின்னு ஒரு பெரிய பண்ணை நெலம், மேட்டுப் புல்லைக் கூரை வேயுறதுக்கு வருஷக்கணக்காப் புடுங்கிட்டே இருந்தாங்க, 1694ல அடிச்ச புயல்ல வீடும் வயலும் மணலுக்கு அடியில போச்சு. மறு வருஷமே, 1695ல, அந்தப் புல்லைப் புடுங்கக் கூடாதுன்னு அவங்க நாடாளுமன்றம் சட்டமே போட்டுச்சு. டென்மார்க்ல ஸ்காகன்ங்குற எடத்துல மணல் ஏறி ஏறி 1795ல ஒரு தேவாலயத்தையே கைவிட்டுட்டாங்க, இன்னிக்கும் கோபுரம் மட்டும் மணலுக்கு மேல நிக்குது. அந்தப் படம் ஒண்ணைக் காட்டுங்க, அதுக்கு விளக்கமே தேவையில்ல.

நேர்க்கேள்வி எழுதியது:

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க, ஆனா ஒரு விஷயத்தை யாருமே தொடல. ஜனங்க கடலுக்குப் போகணும்ல? படகு எறக்குறவங்க இருக்காங்க, வலையைத் தூக்கிட்டுப் போறவங்க இருக்காங்க, கைத்தடி புடிச்சு நடக்குற பெரியவங்க இருக்காங்க. அவங்ககிட்ட போய் 'மேல ஏறாதீங்க'ன்னா என்ன அர்த்தம், பறந்தா போவாங்க? எங்க பக்கம் இப்படித்தான் யாரையும் கேக்காம வேலி போட்டாங்க, ஒரே வாரத்துல பிச்சு எறிஞ்சுட்டாங்க, சண்டைதான் மிச்சம். மணல்மேடு மேல எனக்கும் அக்கறை இருக்கு, அதனாலதான் சொல்றேன், வழி விடாம அறிவுரை மட்டும் சொன்னா அது காத்துல போயிடும்.

உப்புக்காத்து எழுதியது:

நேர்க்கேள்வி சொல்றது நூத்துக்கு நூறு சரி. 'மிதிக்காதீர்' போர்டு தோத்துப் போறதுக்கு இதுதான் காரணம், எங்க மிதிக்கலாம்னு அது சொல்றதில்ல. முதல்ல வழி, அப்புறம்தான் தடை. நல்ல பாதை ஒண்ணு இருந்தா யாரும் முள்ளுலயும் மணல் சரிவுலயும் ஏற மாட்டாங்க.

இருபது வீட்டுக்கு இருபது பாதை வேணாம், ரெண்டு மூணு போதும். அதை எங்க வைக்கிறதுன்னு தெனமும் நடக்குறவங்களையே கேளுங்க, படகுக்காரங்களுக்கு அகலமா தனி வழி, அது ஏற்கெனவே மேடு தாழ்வா இருக்குற எடமா இருக்கட்டும். பாதையைக் கடலுக்கு நேரா அம்பு விட்ட மாதிரி வெட்டாதீங்க, ஒரு வளைவு கொடுங்க, காத்து அடிக்குற திசைக்குக் குறுக்கா போகட்டும். நேரா இருந்தா காத்து அதுக்குள்ள புகுந்து புனல்ல ஊத்துற மாதிரி வேகமாகும், வருஷா வருஷம் பாதை அகண்டு பள்ளமாகி கடைசில மேட்டையே ரெண்டாப் பொளந்துடும். கரைவாசி சொன்ன பல்லு போன வாய் இப்படித்தான் உண்டாகுது. முடிஞ்சா மரப்பலகைப் பாதை, தரையில இருந்து கொஞ்சம் தூக்கி, அடியில மணலும் செடியும் நகர எடம் விட்டு. முடியலன்னா கயிறுல கோத்த பலகையை மணல் மேலயே விரிக்கலாம், மணல் ஏறுனா இழுத்து மேல போட்டுக்கலாம்.

பழைய பாதையை மூட வேலின்னா, கெட்டியான தடுப்பு வேணாம். பாதி குச்சி பாதி சந்து, அந்தக் கணக்குல இடுப்பு உயர வேலி. காத்து சந்துல நுழையும் போது வேகம் கொறஞ்சு மணலைக் கீழ போட்டுடும். கெட்டியா மறிச்சா காத்து சுழண்டு அடியைத் தோண்டிடும். பெரிய அலை வழக்கமாத் தொடுற எடத்துக்கு மேலதான் போடணும், ஆமை முட்டை போடுற கரையா இருந்தா நீளமா ஒரே வேலியா இல்லாம துண்டு துண்டா, நடுவுல வழி விட்டு. வேலி பாதி பொதைஞ்சதும் பின்னாடியே செடி நடணும், இல்லன்னா வேலி மக்குனதும் மணலும் போயிடும்.

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

நான் ஸ்கூல்ல பாடம் எடுக்குறேன். பெரியவங்க கேக்கலன்னா பசங்க வழியாப் போங்க, ஆனா பசங்களுக்குக் கட்டுரைப் போட்டி ஓவியப் போட்டின்னு வச்சு விட்டுடாதீங்க, அளக்க விடுங்க.

ஒரே உயரத்துல ரெண்டு குச்சி, அதுல சென்டிமீட்டர் கோடு. ஒரு பொண்ணு கடல் பக்கம் நிக்கும், ஒரு பையன் மேட்டுப் பக்கம். மேட்டுப் பக்கம் நிக்குறவன் தூரத்துல தெரியுற தொடுவானமும் கடல் பக்கக் குச்சியோட உச்சியும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி பாத்து, அந்தக் கோடு தன் குச்சியில எங்க வெட்டுதுன்னு படிக்கணும், உச்சியில இருந்து எவ்வளவு கீழ இருக்கோ தரை அவ்வளவு எறங்குதுன்னு அர்த்தம். அப்படியே ரெண்டு மீட்டர் ரெண்டு மீட்டரா நகந்து தண்ணி வரைக்கும் போனா கரையோட வடிவம் காகிதத்துல வந்துடும். எமெரின்னு ஒருத்தர் 1961ல எழுதி வச்ச முறை, இன்னிக்கும் இதை விட எளிமையானது இல்ல. மாசம் ஒரு தடவை அதே எடத்துல அளந்து ஒரே தாள்ல வேற வேற கலர்ல வரைஞ்சா மேடு வளர்றதும் தேயுறதும் தெரியும். எங்க பசங்க வரைஞ்ச படத்தை அவங்கவங்க வீட்டுல கொண்டு போய் காட்டுனாங்க, "அப்பா, நம்ம வீட்டு முன்னாடிதான் கம்மியா இருக்கு"ன்னு ஒரு புள்ள சொல்லிருக்கா, அந்த அப்பா மறுநாளே வந்து என்ன பண்ணணும்னு கேட்டார்.

அப்புறம் செடிக்குப் பேர் சொல்லிக் கொடுங்க. பேர் தெரியாத வரைக்கும் அது களைதான். அந்த ஊதாப்பூக் கொடி அடும்பு, அடப்பங்கொடின்னும் சொல்லுவாங்க, சங்கப் பாட்டுலயே வருது, மான் அடி மாதிரி பிளந்த எலைன்னு. நம்ம ஆளுங்க ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே மணல்ல குனிஞ்சு பாத்து எழுதி வச்ச செடிங்க அது, அதைக் குப்பைன்னு புடுங்குறது எனக்கு நெஜமாவே வலிக்கும். அதோட விதை கடல்ல மெதந்து போய் வேற கரையில மொளைக்கும், அதனாலதான் வெப்பமான கடற்கரை எல்லாத்துலயும் இருக்கு. கொடி ஓடுற வழியில ஒவ்வொரு கணுவுலயும் வேர் விடும், ஒரு எடத்துல மணல் மூடுனா இன்னொரு எடத்துல எந்திரிச்சு வரும். இன்னொண்ணு ராவணன் மீசை, முள்ளு முள்ளா இருக்குமே, காஞ்சதும் பந்து மாதிரி கரையில உருண்டு ஓடும், அதுதான் அது விதை பரப்புற விதம், பசங்க அதைத் துரத்திக்கிட்டு ஓடுவாங்க. ரெண்டுமே உப்பைத் தாங்கும், வெயிலைத் தாங்கும், மணல் மூடுனாலும் தாங்கும், மனுஷன் காலை மட்டும் ரொம்ப நாள் தாங்காது.

ஆமை முட்டை போடுற கரைன்னா இதையும் சொல்லுங்க, குஞ்சு பொரிஞ்சு வெளிய வந்ததும் இருட்டா உசரமா இருக்குற பக்கத்தை விட்டுட்டு வெளிச்சமான தொடுவானத்தைப் பாத்துதான் போகும். மேடு இருந்தா அதுவே வீட்டு விளக்கை மறைச்சு கடல் பக்கம் திருப்பி விடும். மேட்டை எடுத்துட்டா குஞ்சு விளக்கைப் பாத்து வீட்டுப் பக்கம் வந்துடும்.

கரைவாசி எழுதியது:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு நெனைக்கல.

அடுத்த கூட்டம் மேட்டு மேலதான், காத்து அடிக்குற சாயங்காலமா வைக்கிறேன். மூணாவதுவீடு எழுதுனதை அப்படியே வாசிக்கப் போறேன். நேர்க்கேள்வி சொன்ன மாதிரி அதுக்கு முன்னாடியே படகுக்காரங்ககிட்டயும் அந்தப் பெரியவர்கிட்டயும் தனித்தனியா போய் பாதை எங்க வேணும்னு கேக்கலாம்னு இருக்கேன், அவர் எதிர்க்கிறவர் இல்ல, பயந்தவர்னு இப்போதான் புரியுது.

ரெண்டு சந்தேகம் மட்டும். மரம் நடலாம்னு நாலு பேர் ஆர்வமா இருக்காங்க, சவுக்குக் கன்னு வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார், வேணாம்னு சொன்னா மனசு நோகும். அப்புறம் கரையில ஒதுங்குற கடல்பாசியை வாரி எடுத்துடலாமா?

உப்புக்காத்து எழுதியது:

சவுக்கை மேட்டோட முகப்புல வைக்காதீங்க. அது உதிர்க்குற சருகு மெத்தை மாதிரி மூடி கீழ ஒரு கொடியையும் வர விடாது, வேர் மேலாப்புலதான் ஓடும், அலை அரிச்சா மரத்தோட சாஞ்சுடும். புளோரிடாவுல இதே காரணத்துக்காக அதை வேண்டாத மரம்னு வெட்டிக்கிட்டு இருக்காங்க. நடணும்னு ஆர்வம் இருக்குறவங்களை விட்டுடாதீங்க, கைக்கு வேற செடியைக் கொடுங்க. அடப்பங்கொடித் துண்டு நல்லா முத்துனதா எடுத்து, மூணு நாலு கணு மணலுக்குள்ள போற மாதிரி சாச்சுப் பொதைச்சு, நுனி மட்டும் வெளிய தெரிய விடுங்க. மழை ஆரம்பிக்குற சமயமா இருக்கணும், முதல் சில வாரம் தண்ணி ஊத்துனாப் போதும். உரம் வேணாம், மணல்மேட்டுச் செடிக்குக் கொழுப்பான மண்ணு ஆகாது, களைதான் பெருகும். தோட்டக் கழிவைக் கொட்ட வேணாம்னு சொல்றதுக்கும் இதே காரணம்தான், அது வழியாதான் தோட்டத்துச் செடியெல்லாம் மேட்டுல ஏறுது.

கடல்பாசியை விட்டுடுங்க. பிளாஸ்டிக், கயிறு, வலைத் துண்டை மட்டும் கையால பொறுக்குங்க. பாசி ஒதுங்குன எடத்துலதான் மணல் முதல்ல சிக்கும், விதை ஒட்டும், அது மக்கி செடிக்கு சத்தாகும், கொஞ்ச நாள்ல அங்க ஒரு சாண் உயரக் குட்டி மேடு நிக்கும். மிஷின் வச்சு வழிச்சா அந்தக் குட்டியெல்லாம் மொளையிலேயே போயிடும்.

இன்னொண்ணு, கிணத்துத் தண்ணி குடிக்கிறவங்க உங்க வரிசையில இருந்தா இதைக் கட்டாயம் சொல்லுங்க. மேட்டுல பெய்ற மழை உள்ள எறங்கி உப்புத்தண்ணி மேல நல்ல தண்ணியா மெதந்து நிக்கும், கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா கீழ சுமார் 40 அடி வரைக்கும் இருக்கும்னு ஒரு கணக்கு. மேட்டை வழிச்சா அந்த ஒரு அடி நிக்க எடம் கொறையும், கீழ உப்பு மேல ஏறும். அந்தப் பெரியவருக்கு இதை முதல்ல சொல்லுங்க, கிணறு வெட்டுன தலைமுறை அவங்க, சட்டுனு புடிச்சுக்குவாங்க.

மூணாவதுவீடு எழுதியது:

கூட்டம் முடிஞ்சு நடுறதுக்குக் கொடித் துண்டு வேணும்னா சொல்லுங்க. எங்க மேட்டுல இப்போ நெறைய ஓடியிருக்கு, நடுற காலத்துல வெட்டித் தர்றேன்.